அவுட்லையருக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? (ஏழாம் வகுப்புத் தாள், வெள்ளிக்குள் வேண்டும்)

கணக்கு ஆசிரியை, ஜவ்வாது மலை அடிவாரம்:

எல்லோருக்கும் வணக்கம். ஏழாம் வகுப்புப் புள்ளியியலுக்கு ஒரு பயிற்சித்தாளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சராசரி, இடைநிலை அளவு, முகடு, வீச்சு எல்லாம் பாடநூலிலேயே இருக்கின்றன, கவலையில்லை. அவுட்லையர் (outlier) என்ற ஒரு சொல்லில்தான் மூன்று நாளாக நிற்கிறேன்: மற்ற எண்களைவிட மிகப் பெரிதாகவோ மிகச் சிறிதாகவோ இருக்கும் எண்.

எதற்கு வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருந்து பள்ளிக்கு வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஏழு பிள்ளைகளைக் கேட்டுப் பலகையில் எழுதினேன்: 8, 10, 10, 11, 12, 14, 96. கூட்டினால் 161, ஏழால் வகுத்தால் சரியாக 23. முன் பெஞ்சுப் பெண் எழுந்து, "டீச்சர், 23 நிமிசத்துல வர்றவங்க நம்ம கிளாஸ்ல யாருமே இல்லையே" என்றாள். பாடமே அதுதான். இடைநிலை (வரிசையின் நடு எண்) 11, முகடு (அதிக முறை வரும் எண்) 10, இவை இரண்டும் வகுப்பின் நடப்புக்குப் பக்கத்தில் இருக்க, சராசரி மட்டும் எங்கோ போய்விட்டது. 96 சொன்ன பையன் மலையிலிருந்து நடந்து இறங்கி, அப்புறம் பேருந்து பிடித்து வருகிறவன். அவன் மெதுவாகக் கேட்டான்: "என் நம்பர் தப்பா டீச்சர்?"

தப்பு என்ற வாடையே இல்லாத சொல் வேண்டும். 'விலகிய மதிப்பு', 'புறம்பான மதிப்பு' என்று எழுதி அடித்துவிட்டேன்.

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், தஞ்சாவூர்:

அன்புள்ள ஆசிரியைக்கு, புதிதாகச் சொல் செய்ய வேண்டியதில்லை, நம்மிடமே இருக்கிறது: புறனடை. நன்னூலார் சூத்திர வகைகளை அடுக்கும்போது பிண்டம், தொகை, வகை, குறி, செய்கை என்று சொல்லிக் கடைசியில் புறனடையை வைக்கிறார். இயலில் சொன்ன விதிகளுக்குள் அடங்காமல் மிஞ்சியவற்றையும் கைவிடாமல், அவையும் வழக்கில் உள்ளவை, கொள்க என்று தழுவிக்கொள்வதே புறனடை. உங்கள் மலைப் பையனுக்கு இதைவிட மரியாதையான சொல் கிடைக்குமா?

புறம் என்பது புறன் ஆனது மகர னகரப் போலி, அறம் அறன் ஆவதுபோல், நிலம் நிலன் ஆவதுபோல். அகம், புறம் என்று வாழ்க்கையையே இரண்டாகப் பகுத்த மொழியில் புறம் என்பது இழிவுச் சொல் அல்ல, வெளியே நிகழ்வது என்றுதான் பொருள். நடை என்பது ஒழுக்கம். வெளியே ஒழுகுவது புறனடை. மதிப்பு, எண், புள்ளி என்று வால் சேர்க்காமல் தனியாகவே நிற்கும். வேண்டுமானால் புறனடை எண் என்க.

நூற்பாலையில் தரக்கணக்கு பார்ப்பவர், கோயம்புத்தூர்:

அக்கா, ஐயா, வணக்கம். நூலின் கனம், இழுவலு எல்லாவற்றுக்கும் தினமும் எண்களோடு மல்லுக்கு நிற்பவன் என்ற முறையில் இரண்டு விஷயம்.

விலகல், விலக்கம் வேண்டவே வேண்டாம் என்பது சரி. ஒவ்வொரு எண்ணுக்கும் சராசரியிலிருந்து விலக்கம் உண்டு, மேலே போனால் திட்ட விலக்கம் படிக்கப் போகிறார்கள். அக்கா கொடுத்த எண்களையே பாருங்கள். 23-இலிருந்து முதல் ஆறு எண்களின் விலக்கம் −15, −13, −13, −12, −11, −9. கூட்டினால் −73. அந்தப் பையனுடையது +73. ஆறு பேர் ஒரு தட்டில், அவன் ஒருவன் மறு தட்டில், தராசு நேராக நிற்கிறது. ஆறு பேரும்தான் விலகியிருக்கிறார்கள், அவனை மட்டும் விலகியவன் என்று எப்படிச் சொல்வது? இதைத் தாளில் ஒரு கணக்காகவே வைக்கலாம்.

அடுத்தது புறனடை. ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. புறனடை என்பது சூத்திரம், அதாவது விதி. இங்கே நமக்குப் பெயர் வேண்டியது விதிக்கு அல்ல, விதிக்குள் வராத அந்த எண்ணுக்கு. சட்டிக்கும் சோற்றுக்கும் ஒரே பெயர் வைத்த மாதிரி ஆகிவிடும். அவுட்லையர் என்றே தமிழ் எழுத்தில் போட்டுவிடுங்கள் அக்கா. மீட்டர், கிராம், லிட்டர் எல்லாம் அப்படித்தானே வந்தன? நாளைக்கு வேலைக்கு வரும்போது அந்தப் பிள்ளை அந்தச் சொல்லைத்தான் கேட்கும்.

பேராசிரியர்:

சட்டி, சோறு வாதம் ஏற்கத்தக்கதே. ஆனால் மீட்டர் அளவையின் பெயர், உலகுக்குப் பொது. அவுட்லையர் ஒரு கருத்து. கருத்தைக் கடன் சொல்லில் சொன்னால் பிள்ளைக்கு அது வெறும் ஓசை, உள்ளே ஒன்றும் திறக்காது. கெழு என்ற சொல்லை எந்த வீட்டில் பேசுகிறார்கள்? ஆனாலும் ஐந்து எக்ஸில் கெழு ஐந்து என்று பிள்ளைகள் தயங்காமல் சொல்கிறார்கள். கெழுமுதல் என்றால் சேர்ந்திருத்தல், வள்ளுவர் சொல்லும் கெழுதகைமையில் இருப்பதும் அதே கெழு. மாறியோடு சேர்ந்திருப்பது கெழு. புரியாது என்று சொல்லி அன்று அதை ஒதுக்கியிருந்தால் இன்று நமக்கு அந்தச் சொல் இல்லை. புரிதல் பழக்கத்தில் வருவது.

கணித ஆசிரியர், யாழ்ப்பாணம்:

வணக்கம். உங்களுடைய கூட்டுச்சராசரி எங்களுக்கு இடை, இடைநிலை அளவு எங்களுக்கு இடையம், முகடு எங்களுக்கு ஆகாரம். நிகழ்வெண்ணை மீடிறன் என்கிறோம். வீச்சு ஒன்றுதான் இரண்டு கரைக்கும் பொது. ஆகாரம் என்றதும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் சாப்பாட்டை நினைப்பார்கள், எங்கள் பிள்ளைகளுக்கு முகடு என்றால் கூரை. பழக்கம்தான் என்று ஐயா சொல்வது இங்கே பலிக்கிறது. ஆனால் புதிதாக ஒன்று வைக்கும்போதாவது இரண்டு பக்கமும் எடுத்துக்கொள்ளக்கூடியதாக வையுங்கள், இல்லாவிட்டால் இன்னும் ஒரு சோடிச் சொல் சேரும்.

கூட்டத்தை விட்டுத் தனியே திரியும் யானையைத் தனியன் என்போம். தனியன் என்று வைத்தால் என்ன?

பேராசிரியர்:

தனியன்! அருமை. வைணவத்தில் தனியன் என்றால் பிரபந்தத்துக்கு முன் ஓதும் வாழ்த்துப்பா. நூலோடு சேர்த்தே ஓதுவார்கள், ஆனால் நாலாயிரத்தின் கணக்கில் அது சேராது. சேர்ந்து நின்றும் கணக்கில் சேராதது, எவ்வளவு பொருத்தம்.

ஆனாலும் ஒரு தயக்கம். தனி வெப்பநிலை, தனிச்சுழி என்று இயற்பியலில் 'தனி' வேறு வேலையில் இருக்கிறது. ஆகவே இன்னொன்று சொல்கிறேன்: துருத்தி. துருத்திக்கொண்டு நிற்பது என்று பேச்சிலும் உண்டு. ஆற்றின் நடுவே நீர் சூழ நிற்கும் திட்டுக்கும் துருத்தி என்று பெயர். திருமுருகாற்றுப்படையில் "காடும் காவும் கவின்பெறு துருத்தியும்" என்று முருகன் உறையும் இடங்களில் ஒன்றாக வருகிறது. குத்தாலத்தின் பழம்பெயர் திருத்துருத்தி, திருவையாற்றுப் பக்கம் திருப்பூந்துருத்தி இருக்கிறது. இரு கரையிலும் சேராமல், ஆற்றை விட்டும் போகாமல் நிற்கும் மேடு அது. எண்கோட்டில் 8 முதல் 14 வரை ஒரு கரை, நடுவே நீர், அப்புறம் 96-இல் ஒரு துருத்தி. பிள்ளைகள் படமே வரையலாம்.

நூற்பாலைக்காரர்:

ஐயா, படம் அழகுதான். ஆனால் எங்கள் ஊரில் துருத்தி என்றால் கொல்லன் பட்டறையில் காற்று ஊதுவது. பல் துருத்தியிருக்கிறது என்றும் சொல்வார்கள், வகுப்பில் எந்தப் பிள்ளையைப் பார்த்து அந்தச் சொல்லை வீசுவார்கள் என்று யோசியுங்கள். தனியன் விஷயத்தில், ஒரே வரிசையில் இரண்டு எண்கள் அப்படி நின்றால் தனியன்கள் என்பீர்களா? எனக்கு இன்னும் அவுட்லையர்தான்.

கணக்கு ஆசிரியை:

எல்லாவற்றையும் படித்தேன். இன்று வகுப்பில் பிள்ளைகளையே கேட்டுவிட்டேன், 96 மாதிரி எண்ணை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள் என்று. பாதிப் பேர் 'தூரத்து நம்பர்' என்றார்கள். சந்தோஷமாக எழுதிக்கொள்ளப் போனேன், பின் பெஞ்சில் இரண்டு பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எங்கள் பக்கம் 'வீட்டுக்குத் தூரம்' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும். அழித்துவிட்டேன்.

ஒரு பையன் 'ஒதுக்கி வச்ச நம்பர்' என்றான், இன்னொருவன் 'தள்ளி வச்ச நம்பர்'. சொன்னவர்கள் விளையாட்டாகத்தான் சொன்னார்கள். ஆனால் ஊரில் ஒரு குடும்பத்தைத் தள்ளி வைப்பது என்றால் என்ன என்று அந்த வகுப்பிலேயே அறிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். கணக்குப் புத்தகத்தில் அந்த வினை வரவே கூடாது, இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. அந்த எண்ணை யாரும் ஒதுக்கவில்லை, அது இருக்கிற இடத்தில் இருக்கிறது. அளந்ததில் பிழையா என்று முதலில் பார்க்க வேண்டும், 9.6-ஐ 96 என்று எழுதியிருந்தால் திருத்த வேண்டும். பிழை இல்லையென்றால் ஏன் 96 என்று கேட்க வேண்டும். இங்கே பதில் மலைப்பாதை.

சொல் செயப்பாட்டில் இருக்கக் கூடாது என்பது இப்போதுதான் எனக்கே தெளிவாகிறது. தானே நிற்கிற மாதிரி இருக்க வேண்டும்.

யாழ்ப்பாணம்:

அப்படியானால் எட்ட. நாங்கள் கதைக்கும்போது 'எட்ட நில்', 'எட்டத்தில் இருக்கிறது' என்போம். அங்கேயும் 'எட்டி நில்' என்பீர்கள்தானே? எட்டெண் என்று சுருக்கினால் 8 வந்து குழப்பும், சுருக்காமல் 'எட்டி நிற்கும் எண்' என்றே வையுங்கள். இங்கேயும் புரியும்.

நூற்பாலைக்காரர்:

இது எனக்குச் சரி அக்கா. முதல் முறை வரும்போது அவுட்லையர் என்பதையும் கூடச் சேர்த்து எழுதிவிடுங்கள், மேல்வகுப்பில் உதவும்.

பேராசிரியர்:

அது சொல் அல்ல, சொற்றொடர். கலைச்சொல் என்றால் வேற்றுமை ஏற்க வேண்டும், தொகையில் அமர வேண்டும். 'எட்டி நிற்கும் எண்களற்ற தரவு' என்று மேல்வகுப்பில் எழுதிப் பாருங்கள், வாக்கியம் மூச்சு வாங்கும். எட்டி என்பது கசக்கும் மரம் வேறு. புறனடையை நான் விட்டுவிடவில்லை.

ஆனால் வெள்ளிக்கிழமை உங்களுடையது, அச்சுக்குக் கொடுங்கள் அம்மா.

கணக்கு ஆசிரியை:

நன்றி ஐயா. 'எட்டி நிற்கும் எண்' என்று போட்டு இப்போதுதான் அனுப்பினேன், அடைப்புக்குள் அவுட்லையர். தம்பி சொன்ன −73, +73 கணக்கு நான்காவது கேள்வியாக வந்திருக்கிறது. ஆசிரியர் குறிப்பில், அந்த எண்ணை நீக்குவதற்கு முன் அது யாருடையது என்று கேட்கச் சொல்லி ஒரு வரி எழுதியிருக்கிறேன். எட்டாம் வகுப்புத் தாள் ஆடிக்கு மேல்தான், அதற்குள் ஒற்றைச் சொல் கிடைத்தால் மாற்றிவிடலாம்.