எல்லாத் துறைகளும் ஒரே பல்கலைக்கழகத்தில் இருப்பதால் ஆராய்ச்சிக்கு உண்மையில் என்ன பயன்?

உயிரியல் ஆசிரியை:

மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் கற்பிக்கிறேன். அண்மையில் பென்சிலின் பற்றிப் பாடம் நடத்தியபோது, அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்டுபிடித்தார் என்ற வரியோடு நிறுத்தாமல், அதை நோயாளிக்குக் கொடுக்கத்தக்க மருந்தாக்கியது ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். மறுநாள் ஒரு மாணவி அந்தப் பல்கலைக்கழகத்தைப் பற்றிப் படித்துவிட்டு வந்து, பென்சிலின், லித்தியம் மின்கலம், கொரோனா தடுப்பூசி, இன்சுலின் மூலக்கூறின் வடிவம் என்று நான்கைக் கரும்பலகையில் எழுதி, இவையெல்லாம் ஒரே இடத்தில் நடந்தது தற்செயலா, அல்லது எல்லாத் துறைகளும் அங்கே இருந்ததால்தானா என்று கேட்டாள்.

எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. அடுத்த கட்டடத்தில் இருக்கும் துறையின் பேராசிரியர் பெயர்கூடத் தெரியாமலே முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர்களை நான் அறிவேன். இயற்பியல் முதல் மனநல மருத்துவம் வரை எல்லாம் ஒரே வளாகத்தில் இருப்பது ஆராய்ச்சிக்கு உதவுகிறதா, அல்லது விளம்பர ஏட்டில் பட்டியலை நீட்ட மட்டுந்தான் பயன்படுகிறதா? ஆக்ஸ்ஃபோர்டையே எடுத்துக்காட்டாக வைத்து விளக்கினால் வகுப்பில் சொல்ல வசதியாக இருக்கும்.

பழைய வேதியியலாளன்:

அம்மா, உங்கள் மாணவி எழுதிய நான்கில் முதலாவதும் கடைசியும் ஒரே பகுதியில் நடந்தவை. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1935இல் ஆக்ஸ்ஃபோர்டின் சர் வில்லியம் டன் நோயியல் கூடத்துக்குத் தலைவராக ஆஸ்திரேலியரான ஹோவர்ட் ஃபுளோரி வந்தார். உயிர்வேதியியலின் துணையில்லாமல் நோயியல் இனி நகராது என்று கருதிய அவர், ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு வெளியேறியிருந்த எர்ன்ஸ்ட் செயினைத் தம் துறைக்குள்ளேயே சேர்த்துக்கொண்டார். ஃபிளெமிங் 1929இல் வெளியிட்ட கட்டுரையை நூலகத்தில் தேடி எடுத்தவர் செயின். பூஞ்சைச் சாற்றிலிருந்து பென்சிலினைச் சிதையாமல் பிரித்தெடுக்கும் வழியைக் கண்டவர் அதே குழுவிலிருந்த நார்மன் ஹீட்லி. போர்க்காலம் என்பதால் கருவிகள் கிடைக்கவில்லை. மருத்துவமனைப் பெட்பேன், பால் கேன், குளியல் தொட்டி என்று கைக்கு எட்டியதையெல்லாம் ஹீட்லி பயன்படுத்தினார். பின்னர் பெட்பேனின் வடிவத்தை ஒட்டியே பீங்கான் கலங்களைச் செய்வித்துக்கொண்டார். 1940 மே 25 அன்று எட்டு எலிகளுக்குக் கொல்லும் அளவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியைச் செலுத்தி, நான்குக்கு மட்டும் பென்சிலின் கொடுத்தார்கள். பென்சிலின் பெறாத நான்கும் விடிவதற்குள் இறந்துவிட்டன.

அந்தச் சோதனைக்குப் பிறகு செயின், சவுத் பார்க்ஸ் சாலையில் டோரதி ஹாட்ஜ்கினை எதிரே கண்டு, ஒருநாள் இதன் படிகத்தை உங்களுக்குத் தருவோம் என்று சொன்னதாக ஹாட்ஜ்கினே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அவர் எக்ஸ் கதிர்களைக் கொண்டு படிகங்களின் அமைப்பை ஆராய்ந்தவர். அவருடைய ஆய்வகம் அதே பகுதியில் இருந்த பல்கலைக்கழக அருங்காட்சியகக் கட்டடத்தில் இயங்கியது. பென்சிலினின் அமைப்பு எது என்பதில் ஆக்ஸ்ஃபோர்டுக்குள்ளேயே இரண்டு கட்சிகள் இருந்தன. கரிம வேதியியலில் பெரும் பெயர் பெற்றிருந்த ராபர்ட் ராபின்சன் ஒரு வடிவத்தைச் சொன்னார். செயினும் எட்வர்ட் ஆபிரகாமும் நான்கணு வளையம் ஒன்று அதில் இருக்கிறது என்றார்கள். 1945இல் ஹாட்ஜ்கினும் அவருடைய மாணவி பார்பரா லோவும் எடுத்த படங்கள் இளையவர்களின் பக்கமே நியாயம் என்று காட்டின. பீட்டா லாக்டம் வளையம் என்று உங்கள் மாணவர்கள் பின்னாளில் படிக்கப்போவது அதைத்தான்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது. சார்டினியாத் தீவின் கழிவுநீர் கடலில் கலக்கும் இடத்தருகே ஜூசெப்பே பிரோட்சு என்பவர் எடுத்த ஒரு பூஞ்சை 1948இல் ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்து சேர்ந்தது. பென்சிலினோடு பழகிய கைகள் அங்கே இருந்ததால்தான் ஆபிரகாமும் கை நியூட்டனும் அதிலிருந்து செஃபலோஸ்போரின் சி என்னும் கிருமிக்கொல்லிப் பொருளைப் பிரித்தெடுக்க முடிந்தது. நம் ஊர் மருத்துவமனைகளில் இன்று அன்றாடம் போடப்படும் செஃப்ட்ரியாக்சோன் ஊசி அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. அந்தக் காப்புரிமையில் வந்த பணத்தை ஆபிரகாம் அறக்கட்டளைகளில் இட்டார். அதிலிருந்து அதே பல்கலைக்கழகத்தின் மருத்துவ, உயிரியல், வேதியியல் ஆய்வுகளுக்கு நிதி சென்றுகொண்டிருக்கிறது. துறைகள் பல இருந்தன என்பதைவிட, ஒரு துறையில் மிஞ்சிய கைத்திறனும் பணமும் அடுத்த துறைக்குப் போய்ச்சேர வழி இருந்தது என்பதையே நான் பெரிதாகக் கருதுகிறேன்.

மருந்தாளுநர்:

மேலே எழுதியவர் சொன்ன செய்திகளை மறுக்கவில்லை. ஆனால் கதையை வெற்றியின் பக்கத்திலிருந்து மட்டும் சொல்லியிருக்கிறார்.

1941 பிப்ரவரி 12 அன்று ஆக்ஸ்ஃபோர்டின் ராட்கிளிஃப் மருத்துவமனையில் காவலர் ஒருவருக்குப் பென்சிலின் செலுத்தத் தொடங்கினார்கள். அவர் தேறினார்; ஆனால் சில நாளில் மருந்து தீர்ந்துபோனது. அவருடைய சிறுநீரிலிருந்து பென்சிலினைத் திரும்பப் பிரித்தெடுத்துக் கொடுத்தும் போதவில்லை. மார்ச் மாதம் அவர் இறந்தார். நோயியல், வேதியியல், மருத்துவம் மூன்றும் கையருகே இருந்தும் பேரளவில் உற்பத்தி செய்யும் அறிவு அந்தப் பல்கலைக்கழகத்தில் இல்லை. அதற்காக ஃபுளோரியும் ஹீட்லியும் அதே ஆண்டுக் கோடையில் அமெரிக்காவுக்குப் போக வேண்டியதாயிற்று. இல்லினாய் மாநிலத்தின் பியோரியா நகரில் இருந்த அரசு வேளாண் ஆய்வகத்தில், மக்காச்சோள மாவாலையில் கழிவாகக் கிடைத்த ஊறல் நீரைப் பூஞ்சைக்கு உணவாகக் கொடுத்து விளைச்சலைப் பன்மடங்கு பெருக்கினார்கள். பிறகு அந்நகரில் கிடைத்த அழுகிய முலாம்பழம் ஒன்றிலிருந்து இன்னும் வளமான பூஞ்சை வகை கிட்டியது. ஆக, குறையாக இருந்ததை நிறைவு செய்தது, மருத்துவத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு சோள ஆய்வகம்.

லித்தியம் மின்கலமும் அப்படித்தான். ஜான் குட்எனஃப் 1976 முதல் 1986 வரை ஆக்ஸ்ஃபோர்டில் கனிம வேதியியல் ஆய்வகத்துக்குத் தலைமை தாங்கினார். லித்தியம் கோபால்ட் ஆக்சைடு மின்முனை 1980இல் அங்கிருந்து வந்தது. 2019இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அந்தக் கண்டுபிடிப்பின் மதிப்பை அன்று பல்கலைக்கழகம் உணரவில்லை, காப்புரிமை பெறவும் முன்வரவில்லை. 1991இல் அவ்வகை மின்கலத்தைக் கடைக்குக் கொண்டுவந்தது ஜப்பானின் சோனி நிறுவனம்.

துறைகளின் பரப்பு இல்லாமலும் சாதிக்கலாம் என்பதற்குக் கேம்பிரிட்ஜின் மூலக்கூறு உயிரியல் ஆய்வகம் ஒன்றே போதும். அது பல்கலைக்கழகத் துறை அன்று, பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிறுவனம். குறுகிய இலக்கோடு தொடங்கியது. அதன் தலைவராயிருந்த மேக்ஸ் பெருட்ஸ், எல்லாரும் ஒரே உணவகத்தில் உட்கார்ந்து பேசட்டும் என்பதில் அக்கறை காட்டினார். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 2009இல் நோபல் பரிசு பெற்றது அங்கே பணியாற்றும்போதுதான். அந்த உணவகத்தை விடவும் நூறு துறைகளைக் கொண்ட பெயர்ப்பலகை எதைச் சாதித்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

உயிரியல் ஆசிரியை:

இருவருக்கும் நன்றி. மருந்தாளுநர் சொன்னதை வைத்துப் பார்த்தால், ஒரே வளாகத்தில் இருப்பது முக்கியமே இல்லை என்று ஆகிவிடுகிறதே. கொரோனாக் காலத்தில் தடுப்பூசியும் சிகிச்சை ஆய்வும் ஒரே பல்கலைக்கழகத்திலிருந்து அவ்வளவு விரைவாக வந்தது எப்படி?

எண்ணும் எழுத்தும்:

புள்ளியியல் படித்தவன் என்பதால் சிகிச்சை ஆய்வைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதன் வேர் புகைபிடித்தலில் இருக்கிறது.

மருத்துவர் ரிச்சர்ட் டாலும் புள்ளியியலாளர் பிராட்ஃபோர்டு ஹில்லும் 1951இல் பிரிட்டன் மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதி, நீங்கள் புகைபிடிப்பவரா என்று கேட்டு, விடை எழுதியவர்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அந்த ஆய்வு தொடங்கியது லண்டனில். 1969இல் டால் ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்தபோது ஆய்வும் உடன் வந்தது. வாழ்நாள் முழுதும் புகைபிடித்த ஆண்கள் சராசரியாகப் பத்தாண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள் என்ற ஐம்பதாண்டு முடிவு 2004இல் வெளியானது. டாலோடு பணியாற்றிய ரிச்சர்ட் பீட்டோவும் பின்னர் ரோரி காலின்சும் இதே பாணியை மாரடைப்புக்குக் கொண்டுபோனார்கள். படிவம் சுருக்கமாக இருக்க வேண்டும், நோயாளிகள் ஆயிரக்கணக்கில் இருக்க வேண்டும், யாருக்கு எந்த மருந்து என்பதைக் குலுக்கல் முறையே தீர்மானிக்க வேண்டும் என்பதுதான் அவர்களுடைய வழி. ஆஸ்பிரினும், இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேசும் உயிர் காக்கின்றன என்று 1988இல் காட்டிய ஆய்வில் 17,187 பேர் சேர்க்கப்பட்டிருந்தார்கள்.

2020இல் அந்த மரபில் வந்த மார்ட்டின் லாண்ட்ரேயும், வியட்நாமில் தொற்றுநோய்களோடு பல ஆண்டுகள் பழகிய பீட்டர் ஹார்பியும் சேர்ந்து, கொரோனா நோயாளிகளுக்கு எந்த மருந்து பயன்படும் என்று சோதிக்கும் ரெக்கவரி ஆய்வைத் தொடங்கினார்கள். திட்டம் எழுதத் தொடங்கி ஒன்பதே நாளில் முதல் நோயாளி சேர்ந்தார். ஜூன் 16 அன்று டெக்சாமெத்தசோன் முடிவு வெளிவந்தது: செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களிடம் இறப்பு மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களிடம் ஐந்தில் ஒரு பங்கும் குறைந்தது. எந்த மருந்துக்கடையிலும் மலிவாகக் கிடைத்த பழைய மருந்து அது. ஹைட்ராக்சிகுளோரோகுயின் பயன்படவில்லை என்பதையும் அதே ஆய்வு அதற்குச் சில நாள் முன்பே காட்டிவிட்டது. இதய நோய்க்காரர்களின் முறை தொற்றுநோய்க்காரர்களுக்குக் கைகொடுத்தது. இரண்டு பேரும் ஒரே பல்கலைக்கழகத்தில் இல்லாதிருந்தால் ஒன்பது நாளில் நடந்திருக்குமா என்பது ஐயமே.

கிழக்குக்கரை:

நான் இலங்கையில் வைத்தியராகப் பணியாற்றுகிறேன். இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் ஒக்ஸ்போர்ட் நகரத்துக்குள்ளேயே நிற்கிறார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ ஆராய்ச்சியில் ஒரு பெரும் பகுதி இங்கிலாந்திலேயே இல்லை. 1979இல் பாங்கொக்கில் மஹிடோல் பல்கலைக்கழகத்தோடும், 1989இல் கென்யாவின் கிலிஃபியிலும், 1991இல் வியட்நாமிலும் ஆய்வுப் பிரிவுகளை அமைத்தார்கள். கடும் மலேரியாவுக்குக் குயினைனை விட ஆர்ட்டிசுனேட் மேலானது என்பதைப் பங்களாதேஷ், இந்தியா, இந்தோனேசியா, மியன்மார் ஆகிய நாடுகளின் வைத்தியசாலைகளில் 1,461 நோயாளிகளிடம் சோதித்து 2005இல் நிறுவியது பாங்கொக் பிரிவின் தலைமையில் நடந்த ஆய்வுதான். இறப்பு 22 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாகக் குறைந்தது.

எங்கள் நாட்டிலும் அப்படி ஒன்று நடந்தது. நஞ்சுண்டு வருவோருக்கு, நஞ்சை உறிஞ்சும் கரித்தூளைத் திரும்பத் திரும்பக் கொடுப்பது பயனுள்ளதா என்று மைக்கேல் எடில்ஸ்டனும் இலங்கை வைத்தியர்களும் மூன்று வைத்தியசாலைகளில் 4,632 பேரிடம் ஆராய்ந்து, இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2008இல் வெளியிட்டார்கள். பயனில்லை என்று தெரிந்துகொள்வதும் நோயாளர் விடுதியில் நிற்கும் எங்களுக்குப் பெரிய உதவி. இந்தக் கேள்வியை இங்கிலாந்தின் எந்தத் துறையும் தானாகக் கேட்டிருக்க முடியாது, ஏனெனில் அந்த நோயாளிகள் அங்கே இல்லை. எங்கள் நோயாளிகளைக் கொண்டு எழுதப்படும் கட்டுரைகளில் எங்கள் வைத்தியர்களின் பெயர் எந்த இடத்தில் வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்பது என் பழைய ஆதங்கம்; அது தனி இழையாகப் பேச வேண்டிய விடயம்.

பழைய வேதியியலாளன்:

மருந்தாளுநர் சொன்ன பியோரியாச் செய்தியை நான் விட்டது பிழைதான், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அம்மாவின் மாணவி எழுதிய நான்காவது பெயரை யாரும் தொடவில்லை. ஹாட்ஜ்கின் இன்சுலின் படிகத்தை முதன்முதலாகப் படம் எடுத்தது 1935இல். அந்தப் படத்திலிருந்து அமைப்பைக் கணக்கிடும் வழி அன்று உலகில் எவரிடமும் இல்லை. இடையில் பென்சிலினை முடித்தார், வைட்டமின் பி12ஐ முடித்தார், 1964இல் நோபல் பரிசும் பெற்றார்; கைகளை மூட்டு வாதம் முடக்கிக்கொண்டே வந்தது. பெங்களூரில் ஆய்வுப் பட்டம் பெற்றுச் சென்ற எம். விஜயனும் சேர்ந்திருந்த குழு இன்சுலினின் அமைப்பை வெளியிட்டது 1969இல். இடையில் கடந்தவை 34 ஆண்டுகள் என்பதையும் கரும்பலகையில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.