பி பிளாக் அக்கம்பக்கம்: நிலாவின் விருந்தாளி

(குளுகோர், பினாங்கு. ஒரு ஜூன் மாதம்.)

வியாழன்

பாக்கியம் ஆன்ட்டி (இரவு 8.31): இடது பக்க லிஃப்ட் காலையிலிருந்து நிற்கிறது. யாராவது ஆபீஸில் சொன்னீர்களா? பாசாரிலிருந்து இரண்டு பை தூக்கிக்கொண்டு 11ஆம் மாடிக்கு ஏறினேன்.

ராஜு (8.33): சொல்லியாச்சு ஆன்ட்டி. நாளைக்கு வருவார்களாம். போன மாதமும் இதையே சொன்னார்கள்.

நிலா (8.40): எல்லோருக்கும் வணக்கம். நடுவில் ஒரு கேள்வி. என் பள்ளித் தோழி ரம்யா நாகப்பட்டினத்திலிருந்து சனிக்கிழமை வருகிறாள். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு விமானம், அங்கிருந்து பட்டர்வொர்த்துக்கு இரயில். செவ்வாய்க் காலை திரும்பிவிடுவாள். எங்கெல்லாம் கூட்டிப் போகலாம்?

காதர் அண்ணே (8.42): நீ இங்கே யூஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்து ஒன்றரை வருசம் ஆகிறதே பிள்ளை. நீதான் எங்களுக்குச் சொல்ல வேண்டும்.

நிலா (8.43): தெரியும் அண்ணே. சும்மா உறுதி செய்துகொள்ளக் கேட்டேன்.

பாக்கியம் ஆன்ட்டி (8.45): விசாவெல்லாம் எடுத்துவிட்டாளா?

நிலா (8.47): 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம் ஆன்ட்டி. வருவதற்கு முந்தைய 3 நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்பினால் போதும், அதற்குக் காசு கிடையாது. இவள் ஏதோ ஒரு தளத்தில் காசு கட்டப் போனாள். நல்லவேளை, கேட்டுவிட்டுக் கட்டலாம் என்று எனக்குப் போன் செய்தாள்.

வாத்தியார் ஐயா (8.55): நாகப்பட்டினமா! என் தகப்பனார், சப்பான்காரன் இங்கே படையெடுத்து வருவதற்கு முன்பு, ரஜூலா கப்பலில் ஏறிய ஊர் அது. கப்பல் கரைக்கு வராதாம். கடலில் தூர நிற்கும், படகில் போய் ஏற வேண்டும். ஏறும்போதே பாதிப் பேருக்கு வாந்தி என்பார். இறங்கியது இதே பினாங்கில். அந்தப் பெண்ணை ஒரு நாள் என் வீட்டுக்கு அழைத்து வா. கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது.

ராஜு (8.56): சார் ஆரம்பித்துவிட்டார் லா. அந்தப் பெண்ணுக்கு மூன்று நாள்தான் இருக்கிறது.

ஷர்மி (8.58): அக்கா, ஆர்மீனியன் ஸ்ட்ரீட் சுவரோவியம் கண்டிப்பாகப் போங்கள். சைக்கிளில் இரண்டு பிள்ளைகள் இருக்கும் படம். காலை 8 மணிக்குள் போனால் வரிசை இருக்காது.

பாக்கியம் ஆன்ட்டி (8.59): முதலில் தண்ணீர்மலை. 513 படிதான். முருகனைப் பார்க்காமல் சுவரைப் பார்க்கவா அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறாள்?

காதர் அண்ணே (9.01): வயிற்றை யாரும் கேட்கவில்லை. நாசி கண்டார் என் பொறுப்பு.

ராஜு (9.02): டுரியான் பழப் பருவம். பாலிக் பூலாவ் பக்கம் போங்கள். ஆனால் அந்த நாற்றத்தோடு என் காரில் டுரியான் ஏறாது, இப்போதே சொல்லிவிட்டேன்.

நிலா (9.10): எல்லோருக்கும் நன்றி. ரம்யா அனுப்பியதை அப்படியே போடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: 'கோவில், தோசை, புடவைக் கடை மூன்றும் வேண்டாம்டி. அது நம் ஊரிலேயே இருக்கிறது. எனக்கு வெளிநாடு வெளிநாடாக இருக்க வேண்டும்.'

பாக்கியம் ஆன்ட்டி (9.11): சரி. வரட்டும், பார்க்கலாம்.

சனி

நிலா (மாலை 5.20): வந்து சேர்ந்துவிட்டாள். குழுவில் சேர்த்திருக்கிறேன்.

ரம்யா (5.26): எல்லோருக்கும் வணக்கம். இரயிலில் நான்கு மணி நேரமும் ஜன்னலில் பனைமரம்தான். 'எவ்வளவு நுங்கு!' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த பாட்டி, இது செம்பனை, எண்ணெய் எடுப்பது, நுங்கு இருக்காது என்று தமிழிலேயே சொன்னார். அப்புறம் பட்டர்வொர்த்தில் ஃபெரிக்கு எவ்வளவு என்று ஓர் அண்ணனைக் கேட்டால் '2 வெள்ளி' என்கிறார். நான் குனிந்து என் கொலுசைப் பார்த்தேன்.

காதர் அண்ணே (5.27): அடப் பிள்ளை! ரிங்கிட்டைத்தான் நாங்கள் வெள்ளி என்போம்.

ரம்யா (5.29): இப்போது தெரிந்துவிட்டது அண்ணே. ஆனால் அந்தக் கால் மணி நேரக் கடல் பயணம் எனக்குப் போதும். நடுக்கடலில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் கிரேன், ஒரு பக்கம் மலை. 2 வெள்ளிக்கு இது கொள்ளை மலிவு.

பாக்கியம் ஆன்ட்டி (5.33): பழைய ஃபெரியில் வந்திருக்க வேண்டும் அம்மா. காரோடு ஏறுவோம். 1985-இல் பாலம் வருவதற்கு முன் காரில் தீவுக்கு வர அது ஒன்றுதான் வழி. பெருநாளுக்கு முதல் நாள் காரிலேயே மணிக்கணக்காக வரிசையில் கிடப்போம். என் மூத்தவன் அந்த வரிசையில்தான் நடக்கப் பழகினான். இப்போது வரும் புதுசு சின்னது. ஆளும் மோட்டாரும்தான்.

ஞாயிறு

ஷர்மி (காலை 9.15): அக்கா, படம் எடுத்தாச்சா?

நிலா (9.40): எழுந்ததே எட்டு மணிக்கு. வரிசையில் நிற்கிறோம். முன்னால் 14 பேர்.

ரம்யா (பகல் 11.52): ஒரு புகார் இருக்கிறது. வெளிநாடு கேட்டேன் அல்லவா? இவள் என்னை ஒரு தெருவில் நடத்திக்கொண்டு போகிறாள். முதலில் ஒரு மாரியம்மன் கோவில். சரி, வழியில் இருக்கிறது, ஒரு கும்பிடு. அடுத்த தெருவில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். வாசலில் ஒரு பெரியவர் 'எந்த ஊரு?' என்கிறார். அப்புறம் சூலியா தெருவில் திரும்பினால் முனையில் ஒரு சின்னக் கட்டடம், பலகையில் 'நாகூர் தர்கா'! எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் 15 நிமிடம் போனால் அசல் நிற்கிறது. பாஸ்போர்ட் எடுத்து, இரயில் ஏறி, கடல் தாண்டி நான் நாகூருக்கு வந்திருக்கிறேன்.

ராஜு (11.53): ஹாஹாஹா

பாக்கியம் ஆன்ட்டி (11.53): முருகன் விட்டாலும் நாகூராண்டவர் விடவில்லை.

வாத்தியார் ஐயா (பகல் 12.20): மகளே, அந்தக் கட்டடம் இருநூறு வருடத்துக்கும் மேல் பழையது. 1786-இல் வெள்ளைக்காரன் இங்கே கொடி ஏற்றிய கொஞ்ச காலத்துக்குள்ளேயே உங்கள் கரைக்காரர்கள் வந்துவிட்டார்கள். மாலுமி, வியாபாரி, படகுக்காரர். சூலியா என்றால் தமிழ் முஸ்லிம்கள்தான். கப்பலேறும்முன் நாகூரில் வேண்டிக்கொண்டு வந்தவன், உயிரோடு கரை சேர்ந்ததும் நன்றி சொல்ல ஓர் இடம் தேடுவான் இல்லையா? திரும்பிப் போக அடுத்த பருவக்காற்று வரை காத்திருக்க வேண்டும். அதனால் இங்கேயே கட்டிக்கொண்டான். சிங்கப்பூரிலும் இதே பெயரில் ஒன்று இருக்கிறது. நீ பார்த்த மாரியம்மன் கோவில் 1833. பள்ளிவாசலும் பழசுதான். அதே சாலையில் சீனர்களின் குவான் யின் கோவில், கொஞ்சம் தள்ளி 1818-இல் கட்டிய மாதா கோவில்.

ஷர்மி (12.21): தாத்தா, அது மாதா கோவில் இல்லை, செயிண்ட் ஜார்ஜ் சர்ச். ஆங்கிலிகன்.

வாத்தியார் ஐயா (12.22): சரி, திருத்திக்கொள்கிறேன். பேத்தி நன்றாகப் படிக்கிறாள்.

ரம்யா (12.30): படித்தேன் ஐயா. உள்ளே போய் ஐந்து நிமிடம் உட்கார்ந்தோம். ஊரில் தர்கா வாசலைத் தினமும் பஸ்ஸில் கடந்து போவேன், நின்றதில்லை.

காதர் அண்ணே (12.31): சரி சரி, மணி பன்னிரண்டரை. சாப்பாடு?

ரம்யா (பகல் 1.48): அண்ணே, உங்கள் பேச்சைக் கேட்டு 'பஞ்சிர்' என்று சொன்னேன். கடைக்காரர் சோற்றின் மேல் மீன் குழம்பு, கோழிக் குழம்பு, இன்னும் பெயர் தெரியாத இரண்டு, எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றிவிட்டார். என் அம்மா பார்த்தால் தட்டைப் பிடுங்கியிருப்பார். நான் இரண்டாவது முறை சோறு கேட்டேன்.

காதர் அண்ணே (1.52): பஞ்சிர் என்றால் மலாயில் வெள்ளம். பெயரே அதுதான்! அந்தக் காலத்தில் துறைமுகக் கூலிக்காரர்களுக்காக ஒரு தடியின் இரண்டு முனையிலும் சோறும் குழம்பும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து விற்றார்கள். நாசி சோறு, கண்டார் அந்தத் தோள்தடி. எங்கள் பாட்டனார் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து சுமந்தவர்தான். குழம்புகள் கலந்ததும் அப்படித்தான் இருக்கும். நடுத்தெருவில் தனித்தனிக் கிண்ணமா வைப்பார்கள்?

ரம்யா (மாலை 6.40): [படம்] சியூ ஜெட்டி. கடலுக்குள் கட்டை நட்டு, அதன் மேல் வரிசையாக வீடு. எல்லாமே சியூ என்ற ஒரே குடும்பப் பெயர்க்காரர்களாம். ஒரு வீட்டில் தொலைக்காட்சி ஓடுகிறது, காலுக்குக் கீழே தண்ணீர் அடிக்கிறது. நான் கேட்ட வெளிநாடு இதுதான் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் வலையும் படகும் கருவாட்டு வாசனையும் சேர்ந்து எங்கள் ஊர் கீச்சாங்குப்பத்தை ஞாபகப்படுத்திவிட்டது. ஒன்று கேட்கலாமா? சுனாமி இங்கே வந்ததா?

பாக்கியம் ஆன்ட்டி (6.51): வந்தது அம்மா. அன்று ஞாயிற்றுக்கிழமை, பள்ளி விடுமுறை. மதியம் ஒரு மணிக்கு மேல். பத்து ஃபெரிங்கி பக்கம் கடற்கரையில் குடும்பம் குடும்பமாகச் சாப்பாட்டோடு இருந்தார்கள். பினாங்கில் மட்டும் ஐம்பதுக்கு மேல் போய்விட்டார்கள். சுமத்ரா குறுக்கே கிடந்ததால் இதோடு போயிற்று என்பார்கள்.

ரம்யா (6.55): எங்கள் மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கு மேல். எனக்கு அப்போது நான்கு வயது. அப்பா தோளில் தூக்கிக்கொண்டு ஓடியது மட்டும் ஞாபகம்.

காதர் அண்ணே (6.58): அதே கடல்தான் பிள்ளை.

பாக்கியம் ஆன்ட்டி (7.15): இரண்டு பேரும் இருட்டுமுன் வந்துவிடுங்கள். புட்டு அவித்திருக்கிறேன்.

திங்கள்

நிலா (காலை 10.05): கொடிமலைக்கு (பினாங்கு ஹில்) கிளம்பிவிட்டோம். கொம்தார் பஸ் நிலையத்தில் பஸ் ஏறிவிட்டோம்.

ராஜு (10.06): 204 தானே?

நிலா (10.31): அண்ணே...

நிலா (10.31): இப்போது ஜன்னலில் நம் பிளாக் தெரிகிறது.

ராஜு (10.32): அலாமாக்! பாயான் லெப்பாஸ் போகிற பஸ்ஸில் ஏறினாயா? மலை அந்தப் பக்கம், நீ விமான நிலையத்தைப் பார்த்துப் போகிறாய்!

ரம்யா (10.34): இவள் மூன்று நாளாக 'எனக்கு எல்லாம் தெரியும்' என்றே நடந்தாள். நேற்றிரவுதான் பிடித்தேன். கைபேசியைப் போர்வைக்குள் மறைத்துவைத்து வரைபடம் பார்க்கிறாள்.

நிலா (10.41): சரி, ஒப்புக்கொள்கிறேன். ஒன்றரை வருடத்தில் எனக்குத் தெரிந்தது ஆய்வுக்கூடம், கேண்டீன், ஆன்ட்டி வீடு. கொடிமலையை ஆய்வுக்கூட ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பேன், தூங்குவேன். அம்மா கேட்டால் 'அங்கே போனேன், இங்கே போனேன்' என்று ஷர்மி போடுகிற படங்களை அனுப்பிவிடுவேன்.

ஷர்மி (10.42): அக்கா!!!

பாக்கியம் ஆன்ட்டி (10.44): எனக்குத் தெரியும். இவள் செருப்பு தேயவே இல்லை. நான் தினமும் பார்க்கிறேன்.

ராஜு (10.45): அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நில்லுங்கள். எனக்கு 12 மணி வரை சவாரி இல்லை. மலையடியில் விட்டுவிடுகிறேன். காசு பேச்சு வேண்டாம்.

ரம்யா (பகல் 1.20): மேலே வந்துவிட்டோம். இந்த மலை இரயில் 1923-லேயே ஓட ஆரம்பித்ததாம், இப்போது ஓடுவது புதுப் பெட்டி. செங்குத்தாக ஏறும்போது நிலா என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. மேலே குளிர். கீழே தீவு, பாலம், அக்கரை, எல்லாம் ஒரே பார்வையில். அப்புறம் திரும்பினால் என்ன தெரிகிறது சொல்லுங்கள் பார்க்கலாம்?

பாக்கியம் ஆன்ட்டி (1.21): முருகன் கோவில்.

ரம்யா (1.21): முருகன் கோவில்! மலை உச்சியில்! நான் புகார் செய்வதை விட்டுவிட்டேன் ஆன்ட்டி. உங்களுக்கும் சேர்த்துக் கும்பிட்டேன்.

பாக்கியம் ஆன்ட்டி (1.23): தண்ணீர்மலைக்கு அது ஈடாகாது. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் போகலாம், நானும் வருகிறேன். என் முட்டியைப் பற்றி யாரும் பேசக்கூடாது.

ரம்யா (இரவு 7.50): 513 படி. எண்ணினேன். ஆன்ட்டி எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் ஏறிவிட்டார்.

ராஜு (இரவு 9.30): யாரோ என் கார் டிக்கியில் டுரியான் வைத்திருக்கிறார்கள்.

ராஜு (9.30): யாரோ இல்லை. பை பாக்கியம் ஆன்ட்டியுடையது.

பாக்கியம் ஆன்ட்டி (9.34): பிள்ளை டுரியான் சாப்பிடாமல் ஊர் போவதா? மூன்று உறை போட்டுத்தான் கட்டினேன்.

காதர் அண்ணே (9.36): எப்படி இருந்தது ரம்யா?

ரம்யா (9.41): முதல் வாய் துப்பிவிட்டேன். இரண்டாவது வாய் யோசித்தேன். மூன்றாவதிலிருந்து நிலாவுக்குத் தரவில்லை. நீங்கள் யாரும் காட்டாமலே கடைசியில் வெளிநாடு கிடைத்துவிட்டது. இது சத்தியமாக நாகப்பட்டினத்தில் இல்லை.

செவ்வாய்

நிலா (காலை 7.10): ஃபெரி ஏற்றிவிட்டேன். நான் இறங்குதுறையில் நிற்கிறேன். இங்கிருந்து கொம்தாருக்கு இலவசப் பஸ் இருக்கிறது அல்லவா, அதன் பெயர் என்ன?

ஷர்மி (7.11): கேட் (CAT) பஸ் அக்கா. ஒன்றரை வருடம்!

வாத்தியார் ஐயா (7.30): அந்தப் பெண்ணை என் வீட்டுக்கு அழைத்து வரவே இல்லை.

நிலா (7.32): மன்னியுங்கள் ஐயா. வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். கேட்பதை என்னிடம் கேளுங்கள், எனக்கும் அதே ஊர்தானே.

வாத்தியார் ஐயா (7.33): அட, ஆமாம்! இத்தனை நாள் எனக்குத் தோன்றவில்லையே. காலை பத்து மணிக்கு வா. கோப்பி போட்டு வைக்கிறேன்.

வெள்ளி

பாக்கியம் ஆன்ட்டி (காலை 8.02): இப்போது வலது பக்க லிஃப்டும் நின்றுவிட்டது. இரண்டும் இல்லை. பாசாருக்கு எப்படிப் போவது?

ராஜு (8.05): ஆபீஸில் யாரும் போன் எடுக்கவில்லை.

ரம்யா (8.11): ஆன்ட்டி, இங்கே இன்னும் ஆறு மணி கூட ஆகவில்லை, உங்கள் செய்தியில்தான் எழுந்தேன். நீங்கள் 11ஆவது மாடிதானே? இறங்குங்கள். எப்படி எண்ணினாலும் 513 வராது.