அந்த வாய்ஸை அழிக்காதே

மைனி: சித்தப்பா, தம்பி பேரில் பக்கத்து விளைக்காரர் மனு கொடுத்து கேஸ் ஆகிவிட்டது. போலீஸ் நோட்டீஸில் புது தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 296பி, 351(3) பிரிவுகள் என்று இருக்கிறது. ஏழு வருஷமாமே?

அத்தை: யேசுவே! ஒரு தென்னைமூட்டுத் தகராறுக்கா ஏழு வருஷம்?

தம்பி: அவர் எல்லைக்கல்லைத் தள்ளிப் போட்டார். கோபத்தில் "இனி தென்னையில் கை வைத்தால் கையை வெட்டுவேன்" என்று வாய்ஸ் அனுப்பிவிட்டேன். கெட்ட வார்த்தையும் வந்துவிட்டது. அழித்துவிடட்டுமா?

சித்தப்பா: அழிக்காதே மக்கா. அவர் போனில் இருக்கும். நீ ஒளித்தாய் என்று ஆகும். அதற்கு முன் அவர் உனக்கு அனுப்பியதும் அப்படியே இருக்கட்டும். நமக்கு வேண்டியதே அதுதான்.

சித்தப்பா: ஏழு வருஷம் என்பது அதிகபட்சம். சாதாரண மிரட்டல் 351(2), இரண்டு வருஷம் வரை. கொலை, கொடுங்காயம், தீ வைப்பு என்று மிரட்டினால் 351(3). இரண்டிலும் அபராதத்தோடு விடவும் கோர்ட்டுக்கு இடம் உண்டு. 2024 ஜூலைக்கு முன் பழைய தண்டனைச் சட்டத்தில் 506 என்போமே, அதுதான்.

மைனி: பிடித்து உள்ளே வைத்துவிடுவார்களோ?

சித்தப்பா: ஏழு வருஷம் வரையுள்ள குற்றத்துக்கு எடுத்தவுடன் கைது கூடாது என்று 2014-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால்தான் நோட்டீஸ். சொன்ன நாளில் போகாவிட்டால்தான் ஆபத்து. தேவைப்பட்டால் நாகர்கோவில் செஷன்ஸ் கோர்ட்டில் முன்ஜாமீன் போடலாம்.

தம்பி: நமக்கு வாதம் ஏதாவது உண்டா?

சித்தப்பா: உண்டு. 296பி பொது இடத்தில் ஆபாசமாகப் பேசுவதற்கு. நீ அவர் போனுக்கு மட்டும்தானே அனுப்பினாய். மிரட்டலுக்கு, பயமுறுத்தும் நோக்கம் வேண்டும். வெறும் வார்த்தை போதாது என்று 2015-ல் மாணிக் தனேஜா வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. அவர்கள் வாய்ஸின் நகலைக் கொடுத்தால் புது சாட்சியச் சட்டம் 63-ன்படி சான்றிதழும் சேர்க்க வேண்டும், அதையும் பார்ப்போம். ஆனால் "கையை வெட்டுவேன்" லேசான வார்த்தை இல்லை மக்கா. "அது என் குரல் இல்லை" என்று மட்டும் எங்கேயும் சொல்லிவிடாதே.

அத்தை: நான் போய்ப் பேசிப் பார்க்கட்டுமா? அவர் வீட்டுக்காரி எனக்குப் பழக்கம்தான்.

சித்தப்பா: வேண்டாம் அக்கா. சாட்சியை மிரட்டினார்கள் என்று இன்னொரு மனு வரும். மிரட்டப்பட்டவர் சம்மதித்தால் சமாதானமாக முடிக்கச் சட்டத்திலேயே வழி உண்டு. அதை வக்கீல் மூலமாகக் கேட்போம்.

தம்பி: அவர் பயப்படுவார் என்று நினைக்கவே இல்லை சித்தப்பா. சின்ன வயதில் அவர் விளையில்தான் கொல்லாங்கொட்டை பொறுக்குவேன்.

சித்தப்பா: தெரியும் மக்கா. வியாழன் எட்டரைக்கு தக்கலை பஸ்டாண்டில் நிற்கிறேன். போனைச் சார்ஜ் போட்டு எடுத்து வா.