2 ஜிபி விபிஎஸ்ல 14 சைட்: எந்த கண்ட்ரோல் பேனல் போடலாம்? (மைஎஸ்கியூஎல் தினமும் படுத்துடுது)

தறிக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். கரூர்ல சின்னதா வெப் டிசைன் பண்றேன். பெட்ஷீட், டவல் ஏற்றுமதி கம்பெனிங்க, ரெண்டு மெஸ், ஒரு பள்ளிக்கூடம்னு மொத்தம் 14 சைட். எல்லாமே வேர்ட்பிரஸ். இதுவரைக்கும் ரீசெல்லர் ஹோஸ்டிங்ல (மொத்தமா இடம் வாங்கி வாடிக்கையாளருக்குப் பிரிச்சுக் கொடுக்கிறது), சிபேனல்ங்கிற காசு கட்டற கண்ட்ரோல் பேனல்ல ஓடுச்சு. இந்த வருஷம் புதுப்பிக்கப் போனா கட்டணத்தை ஏத்திட்டாங்க. சரி, நாமளே பார்த்துக்கலாம்னு 2 ஜிபி ரேம், உபுண்டு 22.04 போட்ட விபிஎஸ் (பெரிய சர்வர்ல நமக்குன்னு பிரிச்சுத் தர்ற பங்கு) எடுத்தேன். வெப், மெயில், டிஎன்எஸ், வைரஸ் ஸ்கேனர் எல்லாத்தையும் பிரவுசர்லயே பார்த்துக்கிற மாதிரி ஒண்ணா வர்ற இலவச பேனல் ஒண்ணைப் போட்டு, சோதனைக்கு 3 சைட்டை மட்டும் மாத்தினேன்.

இப்போ ரெண்டு தொல்லை. தினமும் ஒரு தடவை, மதியம் ரெண்டு மணிக்குள்ள டேட்டாபேஸ் எரர் வந்து சைட் எல்லாம் நின்னுடுது. மைஎஸ்கியூஎல்லை ரீஸ்டார்ட் பண்ணா சரியாயிடும். சரியா சாப்பாட்டு நேரம் பாருங்க, மெஸ்காரர் போன் போட்டு "தம்பி, மெனுவே வரலையே"ங்கிறார். ரெண்டாவது, உள்ள வர்ற மெயில் வருது, வெளிய போறது போகலை. க்யூல 61 நிக்குது.

பேனலை மாத்தணுமா? காசு போனா போகுதுன்னு சிபேனல் லைசன்ஸே வாங்கிடட்டுமா?

இரவுப்பணி

இருங்க, பேனலை அப்புறம் பார்க்கலாம். நோய் தெரியாம ஆஸ்பத்திரி மாத்தி என்ன ஆகப் போகுது. கெர்னல் லாக்ல 'அவுட் ஆஃப் மெமரி'ன்னு (ரேம் தீர்ந்து ப்ராசஸைக் கொன்னதுக்கான பதிவு) வரி இருக்கா? எத்தனை மணிக்கு? ஸ்வாப் (ரேம் பத்தாதப்போ டிஸ்க்ல எடுத்துக்கிற இடம்) எவ்வளவு? க்யூல நிக்கிற ஒரு மெயிலைத் திறந்து கடைசி எரர் என்னன்னு சொல்லுங்க.

தறிக்காரன்

இருக்கு அண்ணே. 08:12க்கு வைரஸ் ஸ்கேனரோட கிளாம்டி ப்ராசஸைக் கொன்னிருக்கு. ஒன்றரை நிமிஷம் கழிச்சு மைஎஸ்கியூஎல்லையும். ஆனா எனக்கு எரர் வந்தது மதியம்தானே? ஸ்வாப் பூஜ்யம். மெயில்ல 'கனெக்‌ஷன் டைம்டு அவுட்'.

இரவுப்பணி

சர்வர் கடிகாரம் யூடிசில, அதாவது உலகப் பொது நேரத்துல ஓடுது. 5:30 கூட்டுங்க, 1:42. உங்க மெஸ்காரர் சொன்ன நேரம்தான்.

நடக்கிறது இதுதான். உங்க வைரஸ் ஸ்கேனர் கிளாம்ஏவி தன்னோட வைரஸ் அடையாளப் பட்டியல் மொத்தத்தையும் ரேம்ல ஏத்தி வச்சுக்கும். சும்மா இருக்கும்போதே ஒரு ஜிபிக்கு மேல. தினசரி அப்டேட் வந்ததும் பழசை விடாம, புதுசையும் பக்கத்துலயே ஏத்தும், ஸ்கேன் நிக்கக் கூடாதுன்னு. அந்தக் கொஞ்ச நேரம் ரேம் தேவை ஏறக்குறைய ரெண்டு மடங்கு. 2 ஜிபி மெஷின் எங்க தாங்கும்? அந்த நொடியில பெரும்பாலும் யார் பெருசோ அவங்க மேலதான் கெர்னல் கை வைக்கும், அதனால முதல்ல கிளாம்டி போச்சு. பேனலோட கண்காணிப்பு அதைத் திரும்பக் கிளப்பிவிட்டிருக்கும். அது பாதி ஏறும்போதே மறுபடி இடம் இல்லை. இந்தத் தடவை பெருசு மைஎஸ்கியூஎல். அதான் பலி.

அந்தப் பட்டியலைப் புதுப்பிக்கிற ஃப்ரெஷ்கிளாம் லாக்ல அப்டேட் நேரத்தைப் பாருங்க, 08:12க்கு ஒட்டி இருக்கும்.

மெயில் வேற கதை. சர்வருக்கு சர்வர் மெயில் அனுப்பற 25ஆம் போர்ட்டை, வெளிய போற பக்கம், கிளவுட்காரங்க நிறைய பேர் ஸ்பேமுக்குப் பயந்து அடைச்சு வச்சிருக்காங்க. எந்தப் பேனல் போட்டாலும் அது திறக்காது.

கணக்குப்புத்தகம்

சிபேனல் பத்திக் கேட்டீங்களே. 2019க்கு முன்னாடி ஒரு சர்வருக்கு ஒரு லைசன்ஸ், கணக்கு எத்தனை வேணும்னாலும் போட்டுக்கலாம். அந்த வருஷம் கணக்கு எண்ணிக்கைக்குக் காசுன்னு மாத்திட்டாங்க. 1, 5, 30, 100ன்னு படி இருக்கும். 14 சைட்டுக்குத் தனித்தனிக் கணக்குன்னா 30 படிக்குத்தான் கட்டணும். உங்க விபிஎஸ் வாடகையை விட லைசன்ஸ் ஜாஸ்தி ஆகும். பிளஸ்க்னு இன்னொரு கட்டணப் பேனலுக்குப் போனாலும், சிபேனலோட அதே வெப்ப்ரோஸ் கம்பெனிக் குடும்பம்தான். வாடிக்கையாளரே உள்ள வந்து புழங்கணும்னா மட்டும் அந்தக் காசுக்கு அர்த்தம் உண்டு. உங்க மெஸ்காரர் சிபேனல் திறக்கப் போறாரா?

பனங்கூடல்

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். நானும் 11 தளம் இப்பிடித்தான் வச்சிருக்கிறன். தம்பி, மெயில்தான் உங்கட தலையிடி, பேனல் இல்லை. மெயிலை அந்த சேர்வரை விட்டு வெளியில எடுத்துப் பாருங்கோ, கேள்வி தன்பாட்டில சின்னதாப் போயிடும்.

நான் ஹெஸ்டியா எண்ட இலவச பேனல் போட்டனான். நிறுவேக்க எக்ஸிம், டவ்காட், கிளாம்ஏவி, ஸ்பேம்அசாசின் எண்ட மெயில் சம்பந்தமான நாலுக்கும் 'வேண்டாம்' எண்டு குடுத்தன். 2 ஜிபியில நிம்மதியா ஓடுது. மெயிலே அறவே வேண்டாம் எண்டால் கிளவுட்பேனல் எண்டு இன்னொரு பேனல் இருக்கு, அதில மெயில் பகுதியே கிடையாது. மெயில் பெட்டிகளை ஸோஹோ மாதிரி ஒரு மெயில் சேவையில வையுங்கோ. வேர்ட்பிரஸ் படிவ மெயிலை 587ஆம் போர்ட் வழியா ரிலேக்கு (எங்களுக்காக மெயிலை அனுப்பி விடுற வெளிச் சேவை) விடுங்கோ. எஸ்பிஎஃப், டிகேஐஎம் (மெயில் உண்மையில உங்கட டொமைனில இருந்துதான் வருது எண்டு காட்டுற டிஎன்எஸ் பதிவுகள்) ரெண்டையும் மறக்காதேங்கோ. 2024 பெப்ரவரியில இருந்து ஜிமெயில் அதில கண்டிப்பு.

இன்னொண்டு. பேனல் போர்ட்டை உலகத்துக்குத் திறந்து விடாதேங்கோ. 2024 ஒக்டோபரில சைபர்பேனல் எண்ட பேனலில இருந்த ஓட்டையால எத்தினை சேர்வர் ரான்சம்வேரில (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேக்கிற வைரஸ்) போனது! ஃபயர்வோலில உங்கட ஐபிக்கு மட்டும் விடுங்கோ.

தறிக்காரன்

ஃப்ரெஷ்கிளாம் லாக் பார்த்தேன். 08:11. தலை சுத்துது!

இனிமே இந்த பேனலை ஒட்டுப் போட மனசில்லை. எப்படியும் புதுசா ஏத்தறதுன்னா உபுண்டு 24.04லயே ஏத்தி, மெயில் இல்லாம ஹெஸ்டியா போடறேன். மாத்தும்போது சைட் நிக்காம இருக்க என்ன பண்ணணும்?

இரவுப்பணி

முதல்ல 2 ஜிபி ஸ்வாப் போடுங்க. மைஎஸ்கியூஎல் பஃபரை (அது தனக்குன்னு பிடிச்சு வைக்கிற ரேம்) 256 எம்பிக்கு அடக்குங்க. பிஎச்பியை ஆன்டிமாண்ட்ல (தேவைப்படும்போது மட்டும் ப்ராசஸ் கிளம்பும்) விட்டு, சைட்டுக்கு நாலு ப்ராசஸ் போதும்.

மாத்தறதுக்கு முந்தின நாளே டிஎன்எஸ் டிடிஎல்லை (பழைய முகவரியை மத்தவங்க எவ்வளவு நேரம் ஞாபகம் வச்சிருக்கலாம்ங்கிற அளவு) 300 விநாடிக்கு இறக்கிடுங்க. உங்க கம்ப்யூட்டர் ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல புது ஐபியைக் கொடுத்து ஒவ்வொரு சைட்டையும் திறந்து பாருங்க. திருப்தியானதும் ஏ ரெக்கார்டை (டொமைனை சர்வர் ஐபிக்குக் காட்டற டிஎன்எஸ் பதிவு) மாத்துங்க. எம்எக்ஸை (மெயில் எங்க போகணும்னு சொல்ற டிஎன்எஸ் பதிவு) ஸோஹோவுக்குக் காட்டறதுக்கு முன்னாடி பழைய பெட்டில இருக்கிற மெயிலை ஐமேப் வழியா இழுத்துக்கோங்க, இதுலதான் எல்லாரும் கோட்டை விடுவாங்க. லெட்ஸ் என்கிரிப்ட் தர்ற இலவச எச்டிடிபிஎஸ் சர்டிபிகேட்டை ஏ ரெக்கார்ட் மாறின பிறகு கேளுங்க. அவசரப்பட்டு அமுக்கிட்டே இருந்தா மணிக்கு அஞ்சு தோல்வியோட பூட்டிடும்.

தறிக்காரன்

மூணு வாரம் ஆச்சு. 13 சைட் வந்துடுச்சு, மதியம் போன் வர்றதில்லை. பள்ளிக்கூட சைட் மட்டும் தொல்லை. ஆங்கிலம் சரியா வருது, தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியும் கிறுக்கலுமா நிக்குது. பழைய சர்வர்ல நல்லாத்தான் இருந்துச்சு.

கணக்குப்புத்தகம்

ரொம்பப் பழைய சைட்டா? டேட்டாபேஸ் டேபிள்ல எழுத்துமுறை லேட்டின்1னு (ஆங்கிலம் மாதிரி ஐரோப்பிய மொழிகளுக்கானது) இருக்கும், உள்ள இருக்கிறது யூடிஎஃப்8 முறையில எழுதின தமிழ். பழைய சர்வர்லேர்ந்து புது டம்ப் (டேட்டாபேஸ் முழுசையும் ஒரே ஃபைலா எடுக்கிறது) எடுக்கும்போது கேரக்டர் செட் லேட்டின்1னே கொடுங்க, அப்போ பைட்டுகள் அப்படியே வரும். அந்த ஃபைல்ல லேட்டின்1னு இருக்கிற இடமெல்லாம் யூடிஎஃப்8எம்பி4ன்னு மாத்தி இம்போர்ட் பண்ணுங்க. பழைய டேட்டாபேஸை மட்டும் இப்போதைக்கு அழிச்சிடாதீங்க.

தறிக்காரன்

திருக்குறள் பக்கம் வந்துடுச்சு சார். பழைய ரீசெல்லர் கணக்கை மாசக் கடைசி வரைக்கும் வச்சிருக்கேன்.