ஸ்பே தூண்டிலுக்கு எந்த ஷூட்டிங் லைன்? ஆற்றில் பட்டதை எழுதுங்கள்

சர்ரே, பிரிட்டிஷ் கொலம்பியா

போன அக்டோபரில் ஸ்மிதர்ஸ் பக்கம் பல்க்லி ஆற்றில் ஐந்து நாள் இருந்தேன். அங்கே பட்டதைச் சொன்னால்தான் என் கேள்வி புரியும்.

13 அடி நீளம், 7 வெயிட் (லைனின் கனத்தைக் குறிக்கும் எண்), இரண்டு கையால் பிடிக்கும் கோல். லைனின் கனமான முன்பகுதியான ஹெட், ஸ்காகிட் வகை, 510 கிரெயின், அதாவது 33 கிராம். அதற்குப் பின்னால் 30 பவுண்டு நைலான் நரம்பு. கோடையில் வீட்டுப் பக்கத்து ஏரியில் பழகியபோது அந்த நரம்பு பறந்த தூரத்தைப் பார்த்து அப்படி ஒரு சந்தோஷம்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்பே வீச்சில் லைனை முழுதாகப் பின்னால் பறக்கவிடுவதில்லை. ஹெட்டின் முன்முனையைத் தண்ணீரில் ஊன்றி, மீதி ஹெட் கோலுக்குப் பின்னால் வயிறு போல வளையும் நேரத்தில் முன்னால் அடிக்கிறோம். பறக்கிற ஹெட் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும் மெல்லிய பகுதிதான் ஷூட்டிங் லைன். ரன்னிங் லைன் என்றாலும் அதுதான். ஹெட்டைத் தேர்ந்தெடுக்க மாதக்கணக்கில் படித்த நான், இதைக் கடையில் ஐந்து நிமிடத்தில் எடுத்துவிட்டேன்.

முதல் நாள் காலையில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே. ஒரு மணி நேரத்தில் விரல்களில் உணர்வே இல்லை. முன்வீச்சு அடிக்கும் நொடியில், கோலின் கார்க் பிடியோடு சேர்த்து ஆள்காட்டி விரலால் அழுத்தியிருந்த நரம்பு வழுக்கிக்கொண்டு ஓடியது. அடித்த வேகமெல்லாம் அந்த வழுக்கலிலேயே போய், ஹெட் என் முன்னாலேயே குவிந்து விழுந்தது. ஒன்றிரண்டு தடவை இல்லை, காலை முழுக்க இதே கதை.

மதியத்துக்குச் சற்று முன் ஒரு வீச்சு ஒழுங்காகப் போனது. ஃப்ளை (இறகு கட்டிய போலி இரை) நீரோட்டத்தில் குறுக்கே பாதி ஆறு ஸ்விங் ஆகி வந்தபோது மீன் எடுத்தது. அந்த நேரம் பார்த்து, கையிலிருந்து நழுவிய நரம்பு வளையம் ஒன்று ரீல் கைப்பிடியில் சுற்றியிருந்தது. மீன் ஓடியது, நரம்பு இறுகியது, ஃப்ளை கட்டியிருந்த லீடர் நரம்பு அறுந்தது. இங்கே ஆற்றிலேயே பிறந்த காட்டு ஸ்டீல்ஹெட்டை (கடலுக்குப் போய் ஆற்றுக்குத் திரும்பும் டிரவுட் மீன்) எப்படியும் திருப்பி விட்டுவிடத்தான் வேண்டும், சட்டம் அது. ஆனாலும் விடுவதற்கு முன் ஒரு தடவை கையில் தாங்கியிருக்கலாம் என்ற ஏக்கம் இன்னும் போகவில்லை.

அன்று சாயங்காலமே ஊரில் ஒரு கோட்டட் லைன், அதாவது மேலே பிளாஸ்டிக் பூச்சுள்ள லைன், வாங்கினேன். 0.032 அங்குலம், சுமார் 0.8 மில்லிமீட்டர். என் பழைய நரம்பு அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான். வீச்சில் ஆறேழு அடி குறைந்திருக்கும். ஆனால் விரலுக்கு அடியில் நின்றது, தண்ணீரில் மிதந்தது, மெண்ட் பண்ணும்போது (தண்ணீரில் கிடக்கும் லைனைத் தூக்கி இடம் மாற்றிப் போடும்போது) கூடவே எழுந்தது. மீதி நாலு நாளும் வீச்சு வீணாகவில்லை. எனக்குக் கோட்டட்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். மற்றவர்கள் அனுபவம் என்ன?

ஸ்காபரோ, ஒன்ராறியோ

தம்பி, எனக்கு நடந்தது நேர் எதிர்.

நான் ஆறு வருடமாகக் கோட்டட் லைன் மட்டும்தான் பாவித்தேன். நவம்பர் கடைசியில் கிராண்ட் ஆற்றில் ஒரு நாள், மைனஸ் 5 பாகை. தடித்த லைன் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் தண்ணீரைச் சுமந்துகொண்டு வந்து கோலின் வளையங்களில் விடும். அது அங்கேயே உறையும். நாலு வீச்சுக்கு ஒரு தடவை கோலைத் தண்ணீருக்குள் முக்கி ஐஸைக் கரைக்க வேண்டியிருந்தது. (விரலால் உடைக்க வேண்டாம், நான் ஒரு வளையத்தையே வளைத்துவிட்டேன்.) பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெரியவர் மெல்லிய நைலான் போட்டிருந்தார். அவரும் ஐஸ் தட்டினார்தான், ஆனால் நான் நாலு தடவை தட்டினால் அவர் ஒரு தடவை.

அடுத்த கிழமையே நைலானுக்கு மாறினேன். வழுக்கலுக்கு ஒரு வழி இருக்கிறது. அடிக்கும் முன் நரம்பை ஆள்காட்டி விரலில் ஒரு சுற்றுச் சுற்றி அழுத்துங்கள். கோல் நிற்கும் இடத்தில் விரலை விரித்தால் சுற்று தானாகக் கழன்றுவிடும். பழக ஒரு நாள் போதும். இழுத்த நரம்பைக் கையில் வளையமாகப் பிடிப்பதிலும் கவனம் வேண்டும். முதல் வளையம் பெரிது, அடுத்தது அதைவிடச் சிறிது, கடைசி இன்னும் சிறிது. எல்லாம் ஒரே அளவில் இருந்தால் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து சிக்கும்.

பிறகு அந்தச் சுருள். ரீலில் கிடந்த நைலான் ஸ்பிரிங் மாதிரி சுருண்டு வரும். இதற்கு வைத்தியம் எனக்கு யாழ்ப்பாணத்திலேயே தெரியும். அப்பா களப்பில் தூண்டில் போடும் ஆள். புதுத் தங்கூசி (நைலான் நரம்பு) வாங்கினால் ஒரு முனையைப் பனையில் கட்டி, மறுமுனையைப் பிடித்து மெதுவாக இழுத்துவைத்திருப்பார். சுருள் போய்விடும். நான் இங்கே மேப்பிள் மரத்தில் கட்டுகிறேன்.

அபர்டீன், ஸ்காட்லாந்து

நீங்கள் எல்லோரும் எந்த லைன் என்று பேசுகிறீர்கள். எனக்குப் பிரச்சினை கொடுத்தது ஹெட்டும் லைனும் சேரும் இடம்.

ஸ்பே ஆற்றிலேயே மீன் பிடிக்கும் வாய்ப்பு எனக்கு இருக்கிறது. கரையில் மரமும் மேடும் முதுகை ஒட்டியே நிற்கும். பின்னால் வீச இடமில்லாத இப்படிப்பட்ட கரையில்தான் 19ஆம் நூற்றாண்டில் இந்த வீச்சே உருவானது. இங்கே உள்ள பழைய கில்லிகள் (மீன்பிடி வழிகாட்டிகள்) பலர் நீண்ட வயிறுள்ள, ஒரே துண்டான லைனைத்தான் விரும்புவார்கள். நான் ஸ்காண்டி வகை ஹெட்டும் நைலானுமாகப் போய் நின்றேன்.

ஹெட்டைக் கோல் நுனிக்கு வெளியே மூன்றடி தள்ளிவிட்டு அடித்தேன். பழைய கோட்டட் லைனில் அப்படித்தான் பழக்கம். கனமான ஹெட், பின்னால் மெல்லிய நரம்பு. அடித்த விசை அந்த இணைப்பில் கீல் போல மடங்கி அங்கேயே செத்தது. சனிக்கிழமை முழுக்க இப்படியே போனது. ஞாயிறன்று ஸ்காட்லாந்தில் சாமன் பிடிக்க அனுமதி கிடையாது, அதனால் வெறும் கம்பளி நூலைக் கட்டிப் புல்வெளியில் வீசிப் பார்த்தேன். நைலானுக்கு ஓரடி, அதிகம் போனால் ஒன்றரை அடி. அதற்கு மேல் போகக் கூடாது. தடித்த லைன்தான் மூன்றடியைத் தாங்கும்.

இணைப்பு வளையம் நுனி வளையத்தில் "டக்" என்று இடிப்பதும் அன்றைக்குத்தான் காதில் பட்டது. நைலானில் முடிச்சைச் சின்னதாகப் போட்டு, வாலை ஒட்ட வெட்டியதும் அந்தச் சத்தம் பாதி குறைந்தது.

மவுண்ட் வெர்னன், வாஷிங்டன்

ஸ்காகிட் ஆற்றங்கரையில்தான் வீடு. பல ஆண்டுகள் வசந்த கால ஸ்டீல்ஹெட்டுக்கு மூடிக் கிடந்த ஆறு 2018 ஏப்ரலில் திறந்தபோது நான் முதல் வாரமே இறங்கினேன். முதல் நாள், மூன்றாவது வீச்சில் ஹெட் தனியாகப் பறந்து போனது. நைலானில் எங்கோ ஒரு கீறல். ஆரஞ்சு நிற ஹெட் நீரோட்டத்தில் ஆடி ஆடிப் போவதைப் பார்த்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். கீழே சாய்ந்து கிடந்த ஒரு மரத்தில் ஃப்ளை மாட்டியதால் திரும்பக் கிடைத்தது.

அன்றிலிருந்து தினமும் இறங்கும் முன் ஹெட்டுக்குப் பின்னால் உள்ள முதல் பத்தடியை நகத்துக்கு இடையில் வைத்து உருவிப் பார்க்கிறேன். சொரசொரப்பு தெரிந்தால் அந்தத் துண்டை வெட்டிப் புது முடிச்சு. வெயில் நைலானைக் கெடுக்கும், ஆகவே வருடம் ஒரு தடவை முழுசாக மாற்றிவிடுகிறேன். விலை கம்மிதானே.

இன்னொன்று, ரீல். ஸ்பூலுக்கும் சட்டத்துக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் மெல்லிய நரம்பு அதற்குள் நுழைந்து பின்பக்கம் சிக்கிக்கொள்ளும். நரம்பு வாங்கும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

சர்ரே, பிரிட்டிஷ் கொலம்பியா

எல்லோருக்கும் நன்றி. கோட்டட்தான் என்று நான் அடித்துச் சொன்னது அவசரம். பல்க்லியில் என்னைக் கவிழ்த்தது நரம்பு இல்லை, அதைப் பிடிக்கத் தெரியாத கைதான் போல. இரண்டு ஸ்பூல் வைத்துக்கொள்ளப் போகிறேன். இலையுதிர் காலத்துக்கு 0.032 கோட்டட். கடுங்குளிரில் வெட்டர் ஆற்றுக்கு, விரலில் சுற்றிப் பிடிக்கப் பழகியபின், 40 பவுண்டு நைலான். 30 பவுண்டை விடக் கொஞ்சம் தடிப்பு, கைக்கும் பிடிபடும்.

ஸ்காபரோ அண்ணா, மரத்தில் கட்டி இழுப்பது எவ்வளவு நேரம்? முழு நீளத்தையும் ஒரேயடியாகவா?

ஸ்காபரோ, ஒன்ராறியோ

ஆற்றில் வெளியே விடும் நீளம் மட்டும் போதும் தம்பி, 70 அடி, 80 அடி. வெடுக்கென்று இழுக்கக் கூடாது. அப்பா மெதுவாகச் சாய்ந்து, நரம்பு கொஞ்சம் இழுபடுவது கையில் தெரிந்ததும் அப்படியே நின்று நாற்பது எண்ணுவார். என்னையும் எண்ணச் சொல்வார்.