மாடியில் சோலார் போட்டவர்கள் உள்ளதைச் சொல்லுங்க

பேட்டைவாசி: அண்ணாச்சிமாரே, 3 கிலோவாட் சோலார் போடலாம் என்று இருக்கிறேன். இரண்டு ஏசி ஓடுது, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில் வரும்போது வயிறு கலங்குது. பிரயோஜனம் உண்டா?

பாளைக்காரன்: போட்டு ஒன்றரை வருஷம் ஆச்சு. நல்ல வெயிலில் நாளுக்கு 12 யூனிட், சில நாள் கூடவும் வரும். மத்திய அரசின் சூர்யா கர் சோலார் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு மானியம் 78,000 ரூபாய், ஆனால் முதலில் முழுப் பணத்தையும் நான் கையிலிருந்து கட்டி, மானியம் அப்புறம்தான் வங்கிக் கணக்குக்கு வந்தது. பேனல் மாட்ட ஒரே நாள். நாம் எடுக்கிற கரண்ட், லைனுக்குக் கொடுக்கிற கரண்ட் இரண்டையும் கணக்கெடுக்கும் இருவழி மீட்டர் வர ஒன்றரை மாசம், அந்த அலைச்சலைக் கேட்காதீங்க. ஆடிக் காற்றில் பேனல் மேல் விரலால் பேர் எழுதலாம், அவ்வளவு புழுதி. விடியற்காலையில், கண்ணாடி சூடாகும் முன்னே, தண்ணீர் ஊற்றித் துடைத்தால் யூனிட் பழையபடி ஏறும்.

பேட்டைவாசி: கரண்ட் போனா ஏசி ஓடும்லா?

பாளைக்காரன்: ஓடாது! நம்ம பேனல் கரண்ட் லைனுக்குப் போய், அங்கே வேலை செய்கிறவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்று சோலார் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். பேட்டரி வைத்த மாடல் என்றால் வேற கதை, விலையும் வேற.

தென்னந்தோப்பு: பக்கத்து வீட்டுத் தென்னையைப் பார்த்தீங்களா? எனக்கு ஒரு மட்டை நிழல் விழுந்ததில் அந்தப் பேனல் வரிசையே யூனிட் வராமல் படுத்துவிட்டது. மரத்துக்காரரிடம் இப்போ பேச்சுவார்த்தை இல்லை.