யிட்டர்பியம் ஃபைபர் லேசரில் பவர் மெல்லக் குறைகிறது: குறை டையோடிலா, ஃபைபரிலா?

ஒளிக்கூடம்:
வணக்கம் நண்பர்களே. ஒரு உணர்கருவிக்கு ஒளிமூலமாக யிட்டர்பியம் (ஒரு அரிமண் தனிமம்) கலந்த இரட்டைக் கிளாடிங் ஃபைபரில் தொடரலை லேசர் ஒன்று கட்டியிருக்கிறோம். கோர் (லேசர் ஒளி போகும் நடுத்தண்டு) 10 மைக்ரான், கிளாடிங் (அதைச் சுற்றிய கண்ணாடி உறை, பம்ப் ஒளி இதில் போகும்) 125 மைக்ரான், என்.ஏ. (ஃபைபர் ஒளியை ஏற்கும் கோணத்தின் அளவு) 0.08. ஃபைபர் நீளம் 3 மீட்டர். இரண்டு பக்கமும் பிராக் கிரேட்டிங் (ஒரு அலைநீளத்தை மட்டும் பிரதிபலிக்கும் ஃபைபர் துண்டு) வைத்து 1064 நானோமீட்டரில் ஓடுகிறது. பம்ப் (லேசருக்கு ஆற்றல் ஊட்டும் டையோடு ஒளி) 976 நானோமீட்டர், ஒரு முனையிலிருந்து மட்டும்.

புதிதாக ஒட்டியபோது 45 வாட் பம்புக்கு 30 வாட் வெளியே வந்தது. ஓட விட்டதும் முதல் சில மணி நேரத்தில் வேகமாக இறங்கியது, அப்புறம் இறக்கம் மந்தமாகிவிட்டது. இப்போது 26 வாட் பக்கத்தில் நிற்கிறது. இரவு முழுக்க அணைத்து வைத்து மறுநாள் போட்டாலும் பழைய 30 வரவில்லை. பவர் மீட்டரை மாற்றிப் பார்த்தாயிற்று, டையோடின் மின்னோட்டமும் மாறவில்லை. இன்னொரு விஷயம்: பம்ப் நுழையும் பக்கம் ஃபைபர் லேசான நீலப்பச்சையாக ஒளிர்கிறது. இது கெட்ட அறிகுறியா? ஃபைபரை மாற்றும் முன் எதை முதலில் பார்க்க வேண்டும்? இந்த ரகம் லேசில் கிடைப்பதில்லை, அதனால்தான் கேட்கிறேன்.

பம்ப்_அலை:
மின்னோட்டம் மாறவில்லை என்பதால் டையோடு சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. டையோடு சூடானால் அதன் அலைநீளம் டிகிரிக்குச் சுமார் 0.3 நானோமீட்டர் நகரும். யிட்டர்பியத்தின் 976 உறிஞ்சுமுகடு மிகக் குறுகலானது, சில நானோமீட்டர் விலகினாலே உறிஞ்சுதல் பாதியாகும். உறிஞ்சப்படாத பம்ப் மறுமுனை வழியாக வெளியே போய்விடும், லேசர் பவரும் இறங்கும். ஆனால் ஆற வைத்தால் இது பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். உங்களுக்குத் திரும்பவில்லை என்பதால் எனக்கு இதில் சந்தேகம் குறைவுதான். இருந்தாலும் பார்த்துவிடுங்கள். வெளியே வரும் ஒளியை டைக்ரோயிக் கண்ணாடியால் (ஒரு அலைநீளத்தை விட்டு இன்னொன்றைத் திருப்புவது) பிரித்து மிச்ச பம்ப் எவ்வளவு என்று அளக்கலாம். கிளாடிங் ஒளியை வெளியேற்றும் ஸ்ட்ரிப்பர் போட்டிருந்தால் அதன் சூடு ஏறுகிறதா என்று பார்த்தாலே போதும்.

டையோடு மூப்படைந்திருந்தால் அதுவும் திரும்பாது. பம்ப் பக்க ஸ்பிளைஸை (ஃபைபர்களை ஒட்டிய இணைப்பை) வெட்டி நேரடியாக ஒரு தடவை அளந்துவிடுங்கள்.

நெருப்புக்கண்:
ஸ்பிளைஸ்களை வெப்பக் கேமராவில் பாருங்கள். கோர் சரியாகப் பொருந்தாத ஸ்பிளைஸில் லேசர் ஒளியே கிளாடிங்குக்குள் கசியும். மேலே மறுபடி பூசிய குறைந்த ஒளிவிலகல் பாலிமர் அந்த இடத்தில் சூடாகி மெல்லக் கருகும். 80 டிகிரியைத் தாண்டி எந்த இடமும் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு மறுபடி ஒட்டுங்கள். லேசர் பாதுகாப்பு மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள், 1064 கண்ணுக்குத் தெரியாது.

ஒளிக்கூடம்:
நன்றி. மூன்றையும் பார்த்துவிட்டோம். மிச்ச பம்ப் தொடக்கத்திலும் இப்போதும் ஏறக்குறைய ஒன்றுதான், 2 வாட்டுக்குக் கீழே. வெட்டி அளந்ததில் டையோடு இன்னும் 45 வாட் தருகிறது. ஸ்பிளைஸ்கள் எல்லாம் வெதுவெதுப்பாக மட்டுமே இருக்கின்றன. ஆனால் பம்ப் பக்கத்து அரை மீட்டர் ஃபைபர் முன்பைவிடக் கொஞ்சம் சூடாகத் தெரிகிறது.

சிலிக்கா_ஆய்வர்:
பம்ப் முழுதாக உள்ளே போகிறது, உறிஞ்சப்படவும் செய்கிறது, ஆனால் லேசராக வெளியே வரவில்லை. நடுவில் யாரோ தின்கிறார்கள் என்றால் அது கண்ணாடிதான். நீங்கள் வரைந்து காட்டும் வளைவு (முதலில் வேகம், பிறகு மந்தம், அணைத்தாலும் திரும்பாதது) ஃபோட்டோடார்க்கனிங் எனும் ஒளிக்கருமையின் அச்சு அசல் முகம்.

பம்ப் ஒளியில் கிளர்ந்த யிட்டர்பியம் அயனிகள் நெருக்கமாக இருக்கும் இடங்களில், பல அயனிகளின் ஆற்றல் ஒன்றுசேர்ந்து கண்ணாடி வலையில் நிறமையங்களை (ஒளியை உறிஞ்சும் நுண்குறைகளை) உருவாக்குகிறது. துல்லியமான வழிமுறை பற்றி ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் ஓடுகிறது. ஆனால் ஒன்றில் கருத்து வேறுபாடில்லை: கிளர்ந்த அயனிகளின் பங்கு கூடக்கூட, கருமை மிகச் செங்குத்தாகக் கூடும். ஒரு முனையில் மட்டும் பம்ப் செய்தால் அந்தப் பங்கு நுழைவாயிலில்தான் அதிகம். உங்கள் சூடான அரை மீட்டர் அங்கேதானே இருக்கிறது?

நீலப்பச்சை ஒளிர்வுக்குப் பயப்பட வேண்டாம். இரண்டு யிட்டர்பியம் அயனிகள் சேர்ந்து ஒரு ஃபோட்டானை உமிழும்போது 500 நானோமீட்டர் அருகே அப்படித் தெரியும். ஆனால் ஸ்பெக்ட்ரோமீட்டரில் 475 அருகே கூரான கோடு இருந்தால் அது தூலியம் அசுத்தம். மிகச் சிறிய அளவு தூலியமே கருமையை வேகப்படுத்தும் என்பதால் அதை மட்டும் பார்த்து வையுங்கள்.

உறுதி செய்ய வழி உண்டு. நிறமையங்களின் உறிஞ்சுதல் புலனாகும் ஒளியில்தான் பலமாக இருக்கும், அதன் வால் மட்டுமே 1 மைக்ரான் பக்கம் நீள்கிறது. அதனால் 633 நானோமீட்டர் சிவப்பு ஒளியில் இழப்பு 1 மைக்ரானைவிடப் பல பத்து மடங்கு பெரிதாகத் தெரியும். யிட்டர்பியம் அயனி அந்தச் சிவப்பை உறிஞ்சுவதும் இல்லை, எனவே அளவு தெளிவாக வரும். பம்ப் முனையிலிருந்து 10 சென்டிமீட்டர், மறுமுனையிலிருந்து 10 சென்டிமீட்டர், ரீலில் ஓடாத மிச்சத்திலிருந்து 10 சென்டிமீட்டர் வெட்டுங்கள். ஒவ்வொன்றையும் ஒரே கோர் அளவுள்ள சாதா ஃபைபரில் ஒட்டி ஹீலியம் நியான் ஒளியைக் கோரில் செலுத்துங்கள். மேல்பூச்சைக் கொஞ்சம் உரித்து ஒளிவிலகல் எண் கூடிய திரவத்தைத் தடவினால் கிளாடிங்கில் போகும் ஒளி வெளியேறிவிடும். 1064-இல் ஒற்றைப் பாங்காக (கோரில் ஒளி ஒரே வடிவில் போவதாக) இருக்கும் உங்கள் ஃபைபர் 633-இல் சில பாங்குகளைத் தாங்கும், அதனால் துண்டை வளைக்காமல் நேராக வைத்து அளக்க வேண்டும். வளைத்தால் அளவு ஆடும்.

ஒளிக்கூடம்:
செய்து பார்த்தோம் சார். ஓடாத துண்டோடு ஒப்பிட்டால் மறுமுனைத் துண்டில் 90 சதவீதச் சிவப்பு வருகிறது, பம்ப் முனைத் துண்டில் 65 சதவீதம்தான். மறுபடி ஒட்டி அளந்தாலும் பெரிய மாற்றம் இல்லை. 475-இல் கோடு எதுவும் தெரியவில்லை. ஆக ஃபைபர்தான். சூடுபடுத்தி இதை வெளுக்க வைக்க முடியுமா?

சிலிக்கா_ஆய்வர்:
கண்ணாடியைச் சில நூறு டிகிரிக்குக் கொண்டுபோனால் நிறமையங்கள் அழியும், ஆனால் உங்கள் பாலிமர் பூச்சு அதற்கு வெகு முன்பே போய்விடும். கிளாடிங்கில் பம்ப் செய்யும் ஃபைபருக்கு அந்தப் பூச்சுதான் உயிர். வெளுத்தாலும் திரும்ப ஓட்டினால் மறுபடி கருக்கும். எனவே இதை விட்டுவிடுங்கள்.

இருக்கிற ஃபைபரிலேயே கொஞ்ச நாள் ஓட்ட வேண்டுமானால் உள்ளே கிளர்ச்சிப் பங்கைக் குறையுங்கள். வெளியேற்றும் கிரேட்டிங்கின் பிரதிபலிப்பைக் கூட்டினால் லேசருக்குத் தேவையான பெருக்கம் குறையும், கிளர்ச்சியும் இறங்கும். பம்பை இரு முனையிலிருந்தும் பங்கிட்டால் நுழைவாயிலின் உச்சம் தணியும். இந்த இரண்டில் பம்பைப் பங்கிடுவதுதான் எனக்குப் பிடித்தது, செலவு கூடினாலும் வெப்பமும் பரவுகிறது.

புதிய ஃபைபர் வாங்கும்போது கோரின் கண்ணாடி எது என்று கேளுங்கள். அலுமினியம் மட்டும் கலந்த சிலிக்காதான் பழைய ரகம், எளிதில் கருக்கும். பாஸ்பரஸ் கலந்த கண்ணாடியில் யிட்டர்பியம் கொத்துக்கொத்தாகச் சேராமல் பரவுவதால் கருமை மிகக் குறைவு, ஆனால் 976-இல் உறிஞ்சுதல் தணிந்து நீளம் கூடும். அலுமினியமும் பாஸ்பரஸும் சம அளவில் இருந்தால் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய தூய சிலிக்காவுக்கே திரும்பும், என்.ஏ. சிறிதாக வேண்டிய பெரிய கோர் ஃபைபருக்கு அது வரப்பிரசாதம். மூன்றாவது வழி சீரியம் சேர்ப்பது. அது மூன்று, நான்கு எனத் தன் மின்னூட்ட நிலையை மாற்றிக்கொண்டு நிறமையம் உருவாவதைத் தடுக்கிறது. அதன் குறை, ஒளிவிலகல் எண்ணை ஏற்றிவிடுவது, அதை ஃப்ளோரின் போட்டு இறக்க வேண்டியிருக்கும்.

நெருப்புக்கண்:
ஒரு கேள்வி. உணர்கருவி என்றீர்கள், எங்கே பொருத்தப் போகிறீர்கள்? கதிர்வீச்சு உள்ள இடம் என்றால் பாஸ்பரஸை அவசரப்பட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டாம். பம்ப் ஒளிக்குத் தாங்கும் பாஸ்பரஸ் கண்ணாடி காமாக் கதிரில் நன்றாகவே கருக்கும். அந்தக் கருமை கதிர்வீச்சு அளவோடு சீராக ஏறுவதால்தான் பாஸ்பரஸ் ஃபைபரையே டோஸ் மானியாக (பட்ட கதிர்வீச்சை அளக்கும் கருவியாக) பயன்படுத்துகிறார்கள். ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத் துகள் முடுக்கிகளில் அப்படி நீளமாக இழுத்துப் போட்டு அளக்கிறார்கள். ஒரே பொருள் ஓரிடத்தில் மருந்து, இன்னோரிடத்தில் அளவுகோல்.

ஒளிக்கூடம்:
நல்ல வேளையாகக் கேட்டீர்கள். கதிர்வீச்சு உள்ள இடத்தில்தான் பொருத்த வேண்டும். லேசர் பாதுகாப்புச் சுவருக்குப் பின்னால் இருக்கும், ஆனாலும் கொஞ்சம் டோஸ் படும்.

சிலிக்கா_ஆய்வர்:
அப்படியென்றால் சீரியம் கலந்ததை முதல் தேர்வாக வையுங்கள். பம்ப் கருமையையும் கதிர்வீச்சுக் கருமையையும் சேர்த்துக் குறைப்பது அதுதான். ஆர்டர் போடும் முன் 2 மீட்டர் மாதிரித் துண்டு கேளுங்கள். அதில் 10 சென்டிமீட்டரை 976 ஒற்றைப் பாங்கு டையோடால் கோரிலேயே பம்ப் செய்தால் கிளர்ச்சி கிட்டத்தட்ட 50 சதவீதத்தில் சீராக நிற்கும். அந்த நிலையில் சிவப்பு ஒளி எவ்வளவு இறங்குகிறது என்று ஒரு நாள் பதிவு செய்யுங்கள். வளைவு எங்கே தட்டையாகிறது என்பதைப் பழைய ஃபைபரின் துண்டோடு ஒப்பிட்டு இங்கே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.